எல்லாரும் குடிக்கிறாங்களாமே!

ஓணம் முடிந்த கையோடு இங்கே திருவனந்தபுரத்தில் எந்தப் பேப்பரைப் பிரித்தாலும் ஒரு கணக்கு இருக்கும். பெவ்கோ கடைகளில் இத்தனை கோடிக்கு விற்பனை, போன வருஷ ரெக்கார்டு காலி! 2023 ஓணத்துக்குப் பத்தே நாளில் 750 கோடி ரூபாய்க்கு மேல். ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போடுகிறார்கள்.

இதைப் படிக்கிற காலேஜ் பையன் என்ன நினைப்பான்? "ஊரே குடிக்குது, நான் மட்டும் என்ன சாமியாரா?"

இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன் சொல்கிறேன். மொத்தத் தொகையை வைத்துத் தலைகளை எண்ண முடியாது. ஒரு கிளையில் 100 கோடி டெபாசிட் இருந்தால் கணக்கு வைத்திருக்கும் எல்லாரும் பணக்காரர்களா? பாதிப் பணத்தை நாலைந்து பேர் போட்டிருப்பார்கள். சரக்கு விற்பனையும் அப்படித்தான்.

தலைக்கணக்கு வேண்டுமா? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, கேரளத்தில் 15 வயதைத் தாண்டிய ஆண்களில் குடிப்பவர்கள் சுமார் 20 சதவீதம். பெண்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. "வீட்டில் வந்து கேட்டால் எவன் உண்மையைச் சொல்வான்?" என்பீர்கள். சரி, இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் குடிக்காதவன்தான் மெஜாரிட்டி!

அமெரிக்காவில் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இருவர் 1986-லேயே ஒரு கல்லூரியில் இதைக் கண்டுபிடித்தார்கள். குடி விஷயத்தில் தன்னைவிடச் சக மாணவர்கள் ரொம்பத் தாராளம் என்றே பெரும்பாலானவர்கள் நினைத்திருந்தார்கள். ஒவ்வொருவனும் இல்லாத ஒரு கூட்டத்துக்குப் பயந்தால், பிடிக்காவிட்டாலும் கிளாஸைக் கையில் எடுக்கத்தானே செய்வான்?

நாம் என்ன செய்கிறோம்? 2014-ல் பார்களை மூடினார்கள், 2017-ல் திறந்தார்கள். அதே வருஷம் குடிக்கும் வயதை 21-லிருந்து 23 ஆக்கினார்கள். நடுவில் காலேஜ் காலேஜாகப் போய், "இன்றைய இளைஞர்கள் எல்லாரும் குடித்துச் சீரழிகிறார்கள்" என்று மைக்கில் முழங்குகிறார்கள். ஐயா, சாராயக் கம்பெனிக்கு இதைவிட நல்ல இலவச விளம்பரம் உண்டா?

"பொறுப்பாகக் குடியுங்கள்" என்பது இன்னொரு கோஷ்டி. பார்ட்டியில் பொறுப்பு என்றால் எனக்குத் தெரிந்து இரண்டுதான். வேண்டாம் என்பவன் கையில் கிளாஸைத் திணிக்காதே. குடித்தவன் கையில் பைக் சாவியைக் கொடுக்காதே.

அடுத்த ஓணத்துக்கும் அந்தக் கோடிக் கணக்கைத் தாராளமாகப் போடுங்கள். பக்கத்திலேயே, குடிக்காத எண்பது சதவீத ஆண்களையும் அதே கொட்டை எழுத்தில் போடுங்கள். பையனுக்குத் தெரியட்டும், அவன் தனி ஆள் இல்லை என்று.