மறைத்துப் பிடிப்பதில் ஒரு ருசி

பெஹாலா டிராம் டிப்போப் பக்கத்துப் பீடாக் கடைகளில், மாலை வேளையில் நம் தமிழ்ப் பையன்கள் சிலரைக் காணலாம். மேஸ்திரியோ ஊர்ப் பெரியவரோ வந்தால் சிகரெட் உள்ளங்கைக்குள் போய்விடும். அவர் தலை மறைந்ததும் திரும்ப வெளிவருகிறதே, அந்த இழுப்புக்குத்தான் ருசி அதிகம்!

புகையிலே இனிப்பா இருக்கிறது? முதல் நாள் இருமலும் தலைச்சுற்றலும்தான். ஆனாலும் விடுவதில்லை. பெரியவர்களுக்கு உண்டு, உனக்குக் கிடையாது என்று சொல்வதே அதற்கு மவுசைத் தந்துவிடுகிறது. நாளெல்லாம் பிறர் ஏவலுக்கு ஓடுகிறவன், தானும் ஓர் ஆள் என்று காட்டிக்கொள்ள இதைவிட மலிவான வழி ஏது?

எம்.ஜி.ஆர். திரையில் புகைப்பதைத் தவிர்த்தார். 1976-ல் 'மூன்று முடிச்சு' படத்தில் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்த ரஜினிகாந்துக்கோ கெட்டவன் வேடம். பையன்கள் கண்ணாடி முன் நின்று பழகியது கெட்டவனின் வித்தையைத்தான்.

கம்பெனிகளும் இந்த மனசை அறிந்தவை. பெஹாலாவின் செல்லப்பிள்ளை சவுரவ் கங்குலி ஆட வந்த 1990-களில், இந்திய அணியின் சட்டையிலேயே 'வில்ஸ்' என்ற சிகரெட் பெயர் இருந்தது. அந்தக் கம்பெனியின் தலைமையகம் இதே கல்கத்தாவின் சௌரங்கியில்!

பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்கிறது 2003-ம் ஆண்டுச் சட்டம். அறைகளில் நடப்பது என்ன? "தம்பி, ரெண்டு சிகரெட் வாங்கிட்டு வாடா" என்று அனுப்புகிறவர்தான், அவன் ஒன்றைப் பற்றவைத்தால் கை ஓங்குகிறார். திட்டுவது இருக்கட்டும், முதலில் அந்தக் கடைக்கு அவனை அனுப்புவதை நிறுத்துங்கள், ஐயா.