துருவிக் கேட்காதீர்கள்!

108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் இந்தச் சேவை ஆரம்பமாயிற்று. வண்டியில் இருப்பது இரண்டே பேர். ஓட்டுகிறவரைப் 'பைலட்' என்கிறார்கள். பின்னால் நோயாளியோடு இருப்பவர் மருத்துவ உதவியாளர். சாலை விபத்து, மாரடைப்பு, பாதி வழியில் பிரசவம் எல்லாம் இவர்கள் கையில்தான். 12 மணி நேர ஷிப்ட் வேறு!

அத்தனையையும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவரின் மனசு என்ன பாடுபடும்? யோசித்ததுண்டா சகோதரிகளே?

எங்கள் தெருவில் ஒரு பெண் இந்த வேலையில் இருக்கிறாள். அவள் மாமியார் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "வேலையிலேர்ந்து வந்தா உம்முனு உட்கார்ந்துடறாம்மா. குழந்தை கூப்பிட்டாக்கூட எரிஞ்சு விழறா. 'என்னடி ஆச்சு, சொல்லேன்'னு கேட்கக் கேட்க இன்னும் வாயை மூடிக்கறா."

அக்கறையில் கேட்டதுதான். ஆனால் துருவிக் கேட்பது மருந்தாகிவிடாது. 1983-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் ஒரு முறையை எழுதினார். கோரமான சம்பவத்தைப் பார்த்த மீட்புப் பணியாளர்களைச் சில நாட்களுக்குள் கூட்டி உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் பேசவைப்பது. பல நாடுகளில் இது பரவிற்று. பிறகு ஆராய்ந்தபோது, ஒரே தடவை இப்படிப் பேசவைப்பதால் பின்னால் வரும் மனப்பாதிப்பு தடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் பேசவே கூடாதா? பேசலாம், அவர்களாக வாய் திறக்கும்போது. பெரும்பாலும் கூட வேலை செய்பவரிடம்தான் முதலில் மனம் விடுவார்கள். பட்டவருக்குத்தானே பட்டவர் மனசு புரியும்! தங்களுக்குள் அடிக்கும் விபரீதமான கேலிகூட இரக்கமில்லாமல் அல்ல, பாரத்தை இறக்கத்தான். இதற்கு வீட்டில் முகம் சுளிக்க வேண்டாம்.

அந்த மாமியாரிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வந்தவுடன் குளிக்க வெந்நீர், சூடாக ஒரு வாய் சாப்பாடு, அரை மணி நேரம் தனிமை. பால் கணக்கும் பிள்ளைகள் மேல் புகாரும் அப்புறம். இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் தூங்கினால் ஜன்னலுக்குத் திரை போடுங்கள், மிக்ஸி காத்திருக்கட்டும். "இன்னிக்கு எத்தனை கேஸ், எத்தனை பேர் பிழைச்சாங்க?" என்று விருந்தாளி ஆரம்பித்தால் பேச்சை மாற்றுவது உங்கள் பொறுப்பு.

சாதாரணமாகச் சில வாரங்களில் மனம் தேறிவிடும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிட்டு விழிப்பது, வேலைக்குப் போகவே பயம், புதிதாகக் குடி என்று நீடித்தால் மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். "பைத்தியம்னு சொல்லுவாங்களே" என்று தயங்காதீர்கள். கையில் காயம் பட்டால் கட்டுப் போட்டுக்கொள்ள வெட்கப்படுகிறோமா என்ன?