அறிவியல் அறிவோம்: வண்ண ஒளியும் கண்மணியும்

தஞ்சை வட்டார நெல்வயல்களைச் சமன்படுத்த, டிராக்டருடன் இணைத்த லேசர் கருவி துணைபுரிகிறது. மேடு பள்ளம் நீங்கினால் தண்ணீர் மிச்சமாகும். அதே லேசர், பேனா வடிவில் பிள்ளைகளின் கைக்கு வரும்போதுதான் எச்சரிக்கை தேவை.

சிவப்பு (650 நானோமீட்டர் அளவில்), பச்சை (532), நீலம் (450), ஊதா (405) என அதில் பல வண்ணங்கள் உண்டு. திறன் ஒன்றேயாயினும் பச்சையே கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரியும். ஊதா மங்கலாகத் தோன்றும். அதனால் ஆபத்து குறைவென எண்ணலாகாது. நிறத்தைவிடத் திறனே முக்கியம்.

1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட ஒளி பட்டால், கண் கூசி இமை தானே மூடிக் காக்கும். பல நூறு மில்லிவாட் ஒளியோ இமை மூடுமுன்னரே விழித்திரையைச் சுட்டுவிடும். வலி தெரியாது, இழந்த பார்வை திரும்புவதும் அரிது.

பெற்றோர்களே! லேசர் விளக்கை விளையாட்டுப் பொருளாக வாங்கித் தராதீர்கள்.