சீசனுக்கு முன்பே அப்டேட் போடுங்கள்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்து லாட்ஜ்களில் ரிசப்ஷன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் நிறுத்தவும் மனம் வராது. அப்டேட் கேட்டு நிற்கும் விண்டோஸைக் காட்டினால் “சீசன் முடியட்டும் அண்ணாச்சி, பாத்துக்கிடுவோம்” என்பார்கள். தென்காசி ஜெராக்ஸ் கடைகளில் சீசன் என்ற சொல் மட்டும் இருக்காது, பதில் அதேதான். திரையின் நிறத்தையோ பட்டனின் இடத்தையோ மாற்றும் அப்டேட் என்றால் தாராளமாகத் தள்ளிப் போடலாம். கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் உட்கருவில், மெமரியைக் கையாள்வதில் ஓட்டை என்று அறிவித்துத் திருத்தம் வந்திருந்தால் அதைத் தள்ளிப் போடுவது பெரிய ஆபத்து. தள்ளிப் போடச் சொல்லப்படும் காரணங்களை எடுத்துப் பார்ப்போம்.

“நம்ம லாட்ஜுக்கு எவன் வரப்போறான்?” 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல் யாரையும் பெயர் சொல்லித் தேடிப் போகவில்லை. இணைய முகவரிகளைக் கண்மூடித்தனமாகத் தட்டிப் பார்த்தது. திறந்த இடத்தில் புகுந்தது. பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கிய அதே நிரல், கேரளத்தில் பத்தனம்திட்டா மாவட்டத்து அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களையும் பூட்டி, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. நம் செங்கோட்டையைத் தாண்டிப் புனலூர் வழியாகப் போனால் வரும் மலையோர ஊர் அது. பஞ்சாயத்துக் கோப்புகளைப் பறிக்க யாரும் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள்.

வான்னாக்ரை புகுந்த ஓட்டை இருந்த இடத்தைப் பார்த்தால் நமக்கு எவ்வளவு நெருக்கம் என்று புரியும். ரிசப்ஷனில் அடித்த பில்லை மேனேஜர் அறைப் பிரிண்டரில் எடுக்க விண்டோஸ் எஸ்எம்பி என்ற பகிர்வு முறையைப் பயன்படுத்துகிறது. அதன் பழைய முதல் பதிப்பைக் கவனித்த டிரைவர் கெர்னலுக்குள்ளேயே ஓடியது. வெளியிலிருந்து வரும் ஒரு பட்டியலின் நீளத்தைத் திருத்தி எழுதும்போது, 32 பிட் முழுவதும் எழுத வேண்டிய இடத்தில் கீழ்ப்பாதி 16 பிட்டை மட்டும் அது எழுதியது. மேல்பாதியில் பழைய எண் அப்படியே நின்றதால் நீளம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஒதுக்கிய மெமரியைத் தாண்டித் தரவு வழிந்து, பக்கத்தில் இருந்ததை அழித்து உட்கார்ந்தது. அங்கே என்ன எழுத வேண்டும் என்று அறிந்தவன் கையில் முழுக் கம்ப்யூட்டரும் போய்விடும். பாஸ்வேர்டும் வேண்டாம், யாரும் எதையும் கிளிக் செய்யவும் வேண்டாம். அறைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வைஃபையும் பில்லிங் கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டரில் இருந்தால், விருந்தினர் ஒருவரின் லேப்டாப்பிலிருந்தே இது நடக்கும். முன்பின் தெரியாத கருவிகள் நம் ரவுட்டரில் மிக அதிகமாகச் சேரும் காலம் எது? சீசன்தான்.

“ரெண்டு மாசத்துல என்ன ஆகிடும்?” இந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏப்ரல் 14 அன்று தாக்கும் கருவி இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று வான்னாக்ரை. மொத்தம் 59 நாள். இங்கே ஜூனில் வரும் திருத்தத்தைச் செப்டம்பரில் போட்டால் அதைவிட அதிகம். கருவி கசியாவிட்டாலும் நிலைமை பெரிதாக மாறாது; பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் ஒப்பிட்டால் எந்த வரி மாறியது, ஓட்டை எங்கே இருந்தது என்று தேர்ந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். திருத்தம் வெளியான நாளிலிருந்தே, போடாதவர்களுக்கு ஆபத்து கூடிக்கொண்டு போகிறது.

ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், தெரிந்த தாக்குதல் சிலவற்றை அது தடுக்கும். ஆனால் அதுவும் கெர்னலை நம்பித்தான் ஓடுகிறது. கெர்னலைக் கைப்பற்றியவனால் அதை வாயடைக்க முடியும்.

இவர்கள் சொல்வதில் உண்மையிலேயே கனமான காரணம் ஒன்று உண்டு: அப்டேட்டே கம்ப்யூட்டரைப் படுக்க வைத்துவிடும் என்பது. 2024 ஜூலை 19 அன்று அப்படித்தான் நடந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு நின்றன. இண்டிகோ பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் கெர்னலில் நேர்ந்த மெமரிப் பிழைதான். 20 மதிப்புகள் மட்டுமே இருந்த இடத்தில் 21ஆவதைப் படிக்கப் போய் அந்த டிரைவர் எல்லை தாண்டியது. இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அன்று சேதத்தைப் பெரிதாக்கியது, எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. அந்தத் தவற்றை நாம் எளிதில் தவிர்க்கலாம். பில்லிங் தரவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். முதலில் மேனேஜர் அறைக் கம்ப்யூட்டரில் மட்டும் திருத்தத்தைப் போட்டு, பில்லும் பிரிண்டரும் ஒரு நாள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள். மறுநாள் ஆள் வரத்து ஓய்ந்த நேரத்தில் ரிசப்ஷனுக்குப் போடுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்த பிறகுதான் கெர்னல் திருத்தம் வேலைக்கு வரும். பல விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் வெறும் ஷட்டவுன் போதாது. விரைவாகத் திறப்பதற்காக விண்டோஸ் கெர்னலின் நிலையை டிஸ்க்கில் சேமித்து, மறுநாள் அதையே திரும்ப எழுப்பும்.

“நாங்க லினக்ஸ்” என்று சொல்கிறவர்களும் இங்கே உண்டு. அந்தத் தேர்வு எனக்கும் பிடிக்கும். 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது தமிழக அரசே தன் அலுவலகங்களுக்கு பாஸ் லினக்ஸைப் பரிந்துரைத்தது. ஆனால் லினக்ஸ் கெர்னலும் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டதுதான். விடுவித்த மெமரியை மறுபடி பயன்படுத்தும் பிழை ஒன்று அதன் ஃபயர்வால் பகுதியில் பல வருடம் கிடந்து 2024 ஜனவரியில்தான் திருத்தப்பட்டது. சில மாதங்களிலேயே அதை வைத்துத் தாக்குதல் நடப்பதாக அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. லினக்ஸ் கெர்னலில்தான் ஆண்ட்ராய்டும் ஓடுகிறது. அதன் பைண்டர் பகுதியில் இருந்த இதே வகைப் பிழை 2018 தொடக்கத்திலேயே லினக்ஸில் சரிசெய்யப்பட்டும், 2019 அக்டோபரில் கூகுளின் ஆய்வுக் குழு பார்த்தபோது பிக்சல் 2 உட்படப் பல போன்களுக்குப் போய்ச் சேரவில்லை. ரூம் வாடகை வாங்கும் போனுக்கும் திருத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

ரஸ்ட் மொழியில் எழுதினால் இந்த வகைப் பிழை வெகுவாகக் குறையும் என்பது உண்மை. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1லிருந்து கெர்னலுக்குள் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் உங்கள் ரிசப்ஷனில் இன்று ஓடுவது பெரும்பாலும் பழைய நிரல்தான்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கம்ப்யூட்டருக்கு இனி எந்த மாதமும் திருத்தம் வராது. வந்தவர்களின் ஆதார் நகலும் போன் எண்ணும் அதில்தான் கிடக்கின்றன. அவை லாட்ஜ்காரரின் சொத்து அல்ல. உடனே மாற்றப் பணம் இல்லையென்றால், இந்த வாரமே அந்தக் கம்ப்யூட்டரை விருந்தினர் வைஃபையிலிருந்து பிரித்து வையுங்கள், எஸ்எம்பி முதல் பதிப்பை அணைத்துவிடுங்கள், பழைய ஆதார் நகல்களை அழித்துவிடுங்கள்.