மண்டபத்து வைஃபைக்கு வடிகட்டி போடலாம், ஆனா நோட்டை மூடிட்டுத்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிச்சிட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க.

போன நிர்வாகக் கூட்டத்துல மண்டபத்து வைஃபை பத்திப் பேச்சு வந்தது பல பேருக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை தேவார வகுப்புப் பிள்ளைங்க கைப்பேசியில பாட்டு வரி தேடுறாங்க. தேடுற பக்கத்துல எல்லாம் சூதாட்ட விளம்பரமும் அரைகுறை உடுப்புப் படமும் வந்து நிக்குது. ஒரு அம்மா அதைப் பாத்துட்டு நேரா ஆபீசுக்கே வந்துட்டாங்க. வைஃபையை நிறுத்திடுங்கன்னு சிலர் சொன்னாங்க, வடிகட்டி போடுங்கன்னு சிலர் சொன்னாங்க. முதல்ல எங்க வீட்டுல போட்டுப் பாத்துட்டு வர்றோம்னு நாங்க ஒத்துக்கிட்டோம். இப்ப ஒரு மாசம் ஆச்சு.

போட்டது ஆட்கார்டு ஹோம்ங்கிற மென்பொருள். காசு கிடையாது. இதே வேலையைச் செய்யற பை-ஹோல்னு இன்னொண்ணும் இருக்கு, அது இதுக்கு மூத்தது. இணையக் கம்பெனி கொடுத்த ரூட்டர்ல இதை ஏத்த முடியல, அதுக்குள்ள நம்மளைக் கை வைக்க விட மாட்டாங்க. அலமாரியில கிடந்த பழைய ரூட்டர்ல மொத்த இடமே 16 எம்பிதான், மென்பொருள் அதைவிடப் பெரிசு. கடைசியில ஒரு சின்ன ரூட்டர் வாங்கி, பெரிய மகன் உக்காந்து ஒரு ராத்திரியில முடிச்சான். நாங்க படிச்சது எஸ்பிஎம் வரைதான். ஆனா ஃபேக்டரியில முப்பது வருசமா மிஷினோட மல்லுக்கட்டுறதால, அவன் சொன்னது புரிஞ்சது.

விசயம் இதுதான். கைப்பேசியில ஒரு பக்கத்தைத் திறந்தா, அந்தப் பக்கத்தோட பேரைச் சொல்லி எண் என்னன்னு முதல்ல ஒரு கேள்வி போகும். பதில் சொல்ற பேர்ப் புத்தகத்துக்கு டிஎன்எஸ்-னு பேர். ஒரு பக்கத்தைத் திறந்தா நாம கேட்ட பேர் மட்டும் போறதில்ல. அதுல ஒட்டிக்கிட்டு இருக்கிற விளம்பரக் கம்பெனிகளோட பேரும் ஒவ்வொண்ணா போகும். ஆட்கார்டு நடுவுல ஜாகா மாதிரி நிக்குது. பட்டியல்ல இருக்கிற விளம்பரப் பேர் வந்தா, அப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்லி அனுப்பிடும். படம் வராது, அந்த இடம் வெறுமையா இருக்கும்.

பலன் உண்டா? உண்டு. பஞ்சாங்கச் செயலியில குதிக்கிற விளம்பரம் போச்சு. செய்திப் பக்கங்கள் சீக்கிரமா திறக்குது. ஆனா எங்க அம்மா காலையில யூடியூப்ல சஷ்டி கவசம் போட்டா நடுவுல வர்ற விளம்பரம் மட்டும் அப்படியே வருது. பாட்டு வர்ற அதே வாசல் வழியா விளம்பரமும் வர்றதால பேரை வச்சுப் பிரிக்க முடியாதாம். "இதுக்கா காசு செலவு பண்ணீங்க?"ன்னு அம்மா கேட்டாங்க. பதில் இல்ல. வீட்டுக்காரம்மாவுக்கு வேற குறை. தள்ளுபடி லிங்க் எதுவும் திறக்கல. அதை மகன் ஒரு நிமிசத்துல சரி பண்ணிட்டான். அதோட, வைஃபையை அணைச்சிட்டு கைப்பேசி டேட்டாவுக்குப் போயிட்டா இந்த ஜாகாவைத் தாண்டிப் போயிடலாம். பிள்ளைங்களுக்கு இது நாம சொல்லித் தர வேண்டியதில்ல.

இதுவரைக்கும் சொன்னது மிஷின் கதை. நாங்க சொல்ல வந்தது அடுத்தது.

எங்க ஃபேக்டரி கேட்டுல ஜாகா ஒரு நோட்டுப் புத்தகம் வச்சிருப்பார். யார் வந்தா, எத்தனை மணிக்கு, என்ன வண்டி, எல்லாம் அதுல இருக்கும். ஆட்கார்டுலயும் அப்படி ஒரு நோட்டு இருக்கு. வீட்டுல எந்தக் கைப்பேசி, எந்த நிமிசம், எந்தப் பேரைக் கேட்டுச்சுன்னு வரிசையா எழுதி வைக்கும். நாம ஒண்ணும் மாத்தலன்னா 90 நாள் வச்சிருக்கும். முதல் வாரம் தினமும் வேலை முடிஞ்சு வந்ததும் நாங்க அதைத்தான் பாத்தோம். பாக்கப் பாக்க ஆசை விடல, உண்மையைச் சொல்லணும்.

ஒரு நாள் ராத்திரி ஒண்ணரை மணிக்குச் சின்ன மகனோட கைப்பேசி பேருக்கு நேரே ஒரு சூதாட்டத் தளம். ஒண்ணு இல்ல, நாலஞ்சு தடவை. பையனுக்கு இந்த வருசம் எஸ்பிஎம். இந்த வட்டாரத்துல சூதாட்டத்துல வண்டியை வித்தவங்களையும் ஆ லோங் வீட்டு வாசல்ல சாயம் ஊத்தினதையும் நாங்க கண்ணால பாத்திருக்கோம். வயித்துல புளியைக் கரைச்சது. காலையில பாட்டி முன்னாலயே பிடிச்சு ஏசிட்டோம். "நான் போகலப்பா"ன்னு ஒரு தடவைதான் சொன்னான். அதுக்கப்புறம் பேசல. சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போயிட்டான்.

ரெண்டு நாள் கழிச்சுப் பெரியவன் அந்த நோட்டைப் பாத்தான். "அப்பா, இது அவன் போன இடம் இல்ல. பந்து விளையாட்டு முடிவு பாக்க ஒரு பக்கம் திறந்திருக்கான். அதுல இருந்த விளம்பரம்தான் இந்தப் பேரைக் கேட்டிருக்கு. ஜாகா தடுத்தும் இருக்கு, பக்கத்துலயே எழுதியிருக்கு பாருங்க"ன்னான். நாங்க அந்தப் பத்தியைப் படிக்கவே இல்ல. நோட்டுல பேர் மட்டும்தான் வரும். அந்தப் பேரை மனுசன் கேட்டானா, விளம்பரம் கேட்டுச்சான்னு வராது. மீதியை நாங்களா எழுதிக்கிட்டோம். சின்னவன்கிட்ட மன்னிப்புக் கேட்டோம். பாட்டி முன்னாலதான், ஏசின இடத்துலயே. இதை எழுத அவன் சம்மதமும் வாங்கிட்டோம்.

ஒரு வீட்டுக்குள்ளேயே இப்படின்னா மண்டபத்தை யோசிச்சுப் பாருங்க. வகுப்புப் பிள்ளைங்க, கல்யாணத்துக்கு வர்றவங்க, அன்னதானத்துக்குக் காய் நறுக்க வர்ற அம்மாமார்னு எத்தனை பேர் கைப்பேசி அந்த வைஃபையில சேருது. ஒருத்தர் வியாதி பத்திப் பாப்பார். ஒருத்தர் கடன் பத்திப் பாப்பார். பாஸ்வேர்ட் வச்சிருக்கிற ஒரு தொண்டூழியருக்கு எல்லாம் தெரியும். தாசேக் கெலுகோர் எவ்வளவு பெரிய ஊருன்னு உங்களுக்கே தெரியும். ஒரு வாரத்துல பேச்சு கெப்பாளா பத்தாஸ் போய்ச் சேர்ந்துடும்.

"கோயில்ல மறைக்க என்ன இருக்கு?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். அவர் மேல எங்களுக்கு மரியாதை உண்டு, ஆனா இதை ஒத்துக்க முடியல. வேற யார்கிட்டயும் சொல்ல முடியாததைச் சொல்லத்தானே சனங்க கோயிலுக்கு வர்றாங்க? சன்னதியில கண்ணை மூடி நிக்கிறவங்க பக்கத்துல போய் என்ன வேண்டுதல்னு நாம ஒட்டுக் கேக்கறதில்லையே.

நாடு முழுக்க இதே கேள்வி எழுந்தது, ஞாபகம் இருக்கா? 2024 செப்டம்பர்ல. 8.8.8.8, 1.1.1.1 மாதிரி வெளி டிஎன்எஸ்-கிட்ட போற கேள்விகளையும் இணையக் கம்பெனிங்க தங்களோட சொந்த டிஎன்எஸ்-க்கே திருப்பணும்னு எம்சிஎம்சி சொல்லிச்சு. செப்டம்பர் 30 வரைக்கும் கெடு. 2018லேருந்து 2024 ஆகஸ்டு 1 வரை 24,277 தளங்களைத் தடுத்திருக்கோம், அதுல 39 விழுக்காடு சூதாட்டம்னும் கணக்குச் சொன்னாங்க. சூதாட்டத்தைத் தடுக்கிறதுல எங்களுக்கு முழுச் சம்மதம். ஆனா எல்லாக் கேள்வியும் ஒரே வாசல் வழியாத்தான் போகணும்னா, அந்த வாசல்ல நிக்கிறவர் கையில என்னென்ன தெரிய வரும், நாளைக்கு எதையெல்லாம் தடுப்பார்னு சனங்க கேட்டாங்க. சத்தம் பெரிசாச்சு. செப்டம்பர் 8ஆம் தேதி அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதைத் தொடர வேணாம்னு சொல்லிட்டார். அரசாங்கத்தைப் பாத்து நாம கேட்ட கேள்வியை, நம்ம நிர்வாகத்தைப் பாத்தும் கேக்கணும் இல்லையா?

அதனால நாங்க சொல்றது: வடிகட்டி போடுங்க. ரூட்டர் எங்க உபயம். ஆனா முதல் நாளே நோட்டை அணைச்சிடணும், செட்டிங்ஸ்ல ஒரே ஒரு டிக் தான். எத்தனை தடுத்திருக்குங்கிற எண்ணிக்கை மட்டும் போதும், யாருன்னு வேணாம். ஏதாவது பழுதாகி, நோட்டைத் திறந்தாத்தான் கண்டுபிடிக்க முடியும்னா, அன்னைக்கு அறிவிப்புப் பலகையில எழுதிப் போட்டுட்டுத் திறக்கலாம். பாஸ்வேர்ட் ஒருத்தர்கிட்ட இருக்கக் கூடாது, உண்டியல் சாவி மாதிரி ரெண்டு பேர்கிட்ட பாதி பாதியா இருக்கட்டும். வாசல்ல வைஃபை எண் ஒட்டியிருக்கிற இடத்துல, இங்க விளம்பரம் தடுக்கப்படுது, யார் எதைப் பாக்கறாங்கன்னு எழுதி வைக்கிறதில்லன்னு தமிழ்லயும் மலாய்லயும் போடணும். நோட்டு இல்லாம போட முடியாதுன்னு நிர்வாகம் சொன்னா, வடிகட்டியே வேணாம்ங்கிறதுதான் எங்க ஓட்டு. விளம்பரத்தோடயே இருந்துட்டுப் போகட்டும்.

எங்க வீட்டுல நோட்டை அணைச்சாச்சு. சின்னவனே பக்கத்துல உக்காந்து அணைச்சான்.

வர்ற வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் அந்த ரூட்டரை மண்டபத்துக்குக் கொண்டு வர்றோம். சந்தேகம் இருக்கிறவங்க உங்க கைப்பேசியிலயே போட்டுப் பாக்கலாம். அம்மாவோட யூடியூப் விளம்பரத்துக்கு யாருக்காவது வழி தெரிஞ்சா அன்னைக்கே சொல்லுங்க, எங்க வீட்டுல தினமும் ஏச்சு விழுது.