அப்பாவின் முழங்காலும் எங்கள் முன்வளவும்



இரண்டு வருடங்களுக்கு முன்னர் அப்பாவுக்கு வலது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்து சாய்கதிரையில் இருந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, அந்த மிளகாய்க் கன்றுகளை இனி ஆர் வெளியில வைக்கிறது?"

அது மே மாத நடுப்பகுதி. பேஸ்மென்ட் யன்னலோரம் பழைய தயிர்ப் பெட்டிகளில் 40 கன்றுகள் வரிசையாக நின்றன. ஸ்காபரோவில் உங்கள் வீடுகளிலும் இதே காட்சிதான் என்று எனக்குத் தெரியும். பெப்ரவரியில் விதை போடுவார்கள். விக்டோரியா தின விடுமுறைக்குப் பிறகு வெளியே நடுவார்கள். கோடை முழுவதும் கொத்தி, கட்டி, தண்ணீர் விட்டு, ஒக்டோபரில் எல்லாவற்றையும் பிடுங்கிக் கடதாசிப் பையில் போட்டு வீதியோரம் வைப்பார்கள். அடுத்த பெப்ரவரியில் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடக்கம். கறிவேப்பிலைச் சாடி மட்டும் செப்டெம்பரில் வீட்டுக்குள் வந்து, குளிர்காலம் முழுவதும் பாதி இலையை உதிர்த்துக்கொண்டு எல்லோரையும் கவலைப்பட வைக்கும்.

அந்த வருடம் நான்தான் நட்டேன். பாதி பிழைத்தது. பாகல் பந்தலே ஏறவில்லை. அப்பா யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு மாமா எனக்கு வழி சொன்னார். "உதெல்லாம் தேவையில்லாத கரைச்சல். முன்னுக்கும் பின்னுக்கும் கல்லுப் பதிச்சு விடு. கார் இன்னும் ரெண்டு நிப்பாட்டலாம்." அவர் சொன்னது புதிதல்ல. எங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகளின் முன்வளவு ஏற்கெனவே முழுக்க இன்டர்லொக் கல்தான்.

நம் பிள்ளைகள் தோட்டம் என்றால் இந்த இரண்டைத்தான் கண்டு வளர்கிறார்கள்: அப்பாவின் முதுகை உடைக்கிற மரக்கறிப் பாத்தி, அல்லது கல். நான் இங்கே எழுத வந்தது மூன்றாவதைப் பற்றி. ஒருமுறை நட்டால் பத்து, இருபது வருடங்களுக்குத் தானாகவே திரும்ப வருகிற பூஞ்செடிகளும் பற்றைச் செடிகளும். அவற்றை நட வேண்டியவர்கள் நாங்கள், அப்பாமார் அல்ல. நடவேண்டிய காலமும் அவர்களுக்கு முழங்கால் வலிக்கத் தொடங்கிய பிறகு அல்ல, அதற்கு முன்னர்.

மரக்கறித் தோட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஊர்க் கத்தரிக்காயை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதை நான்கு பெரிய சாடிகளுக்குச் சுருக்கலாம் என்கிறேன், அதுவும் குனியாமல் எட்டுகிற உயரத்தில். மீதி நிலத்தைத் தானே பார்த்துக்கொள்கிற செடிகளிடம் கொடுங்கள்.

ஆனால் 'தானே பார்த்துக்கொள்கிற' என்பதில் நான் வாங்கிய அடியை முதலில் சொல்லிவிட வேண்டும். நர்சரியில் 'கவனிப்புக் குறைவு' என்று எழுதிய செடிகளாகப் பார்த்து ஒன்பது வாங்கினேன். ஜூலை மாதம், நல்ல வெயில். நட்டுவிட்டு இரண்டாவது கிழமை இளைஞர் முகாமுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஏழு கருகிப்போயிருந்தன. அந்த அட்டையில் எழுதாத விஷயம், கவனிப்புக் குறைவதெல்லாம் வேர் ஓடிய பிறகுதான் என்பது. முதல் கோடையில் கிழமைக்கு ஒன்றிரண்டு தடவை, மெதுவாக, ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். நாளுக்கு ஒருமுறை மேலால் தெளிப்பது பிரயோசனமில்லை, வேர் மேலேயே நின்றுவிடும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் விடுங்கள். இரண்டாவது கோடையில் மழை இல்லாத கிழமைகளில் மட்டும். அதன் பிறகு பெரும்பாலும் அவை உங்களைக் கேட்காது.

ஜூலையில் நட்டது இன்னொரு பிழை. இங்கே நல்ல காலம் இரண்டு: மே மாதம், அல்லது செப்டெம்பரிலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை. இலையுதிர் காலத்தில் வெயில் தணிந்திருக்கும், மண்ணில் சூடு இன்னும் இருக்கும், வேர் நன்றாக ஓடும். பல நர்சரிகள் அந்த நேரம் விலையையும் குறைத்திருக்கும். மாணவர்களாக இருக்கிற உங்களுக்கு அதுவும் முக்கியம்தானே.

எதை வாங்குவது? அட்டையில் ஒரு இலக்கம் இருக்கும். எவ்வளவு குளிர் வரை அந்தச் செடி தாங்கும் என்பதற்கான வலய இலக்கம் அது. இலக்கம் குறையக் குறையக் குளிர் தாங்கும் சக்தி கூட. ரொறன்ரோப் பக்கம் 6, 7 என்று வரும். நான் 5 அல்லது அதற்குக் கீழே உள்ளதைத்தான் எடுக்கிறேன். சாடியில் வைத்து வெளியிலேயே விடப்போகிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு இலக்கம் குறைத்து எடுங்கள், சாடிக்குள் வேர் நிலத்தில் இருப்பதைவிட அதிகம் உறையும்.

வெயில் படுகிற இடத்துக்கு ஊதா நிறக் கோன்பிளவரும், மஞ்சள் பிளாக் ஐட் சூசனும். இரண்டும் எங்கள் வீட்டில் களிமண்ணிலேயே நிற்கின்றன, பசளை போடுவதில்லை. பியோனி ஒன்று வைத்தால் உங்கள் பிள்ளைகளும் அதில் பூப் பறிக்கலாம், அவ்வளவு நீண்ட ஆயுள். அதன் மொட்டுக் கண்களை மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்துவிடாதீர்கள், பிறகு இலை மட்டும்தான் வரும். வீதி உப்பு தெறிக்கிற டிரைவ்வே ஓரத்துக்கு டேலிலி. நிழலுக்கு ஹொஸ்டா, ஆனால் முயல் வருகிற வளவென்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

பற்றைச் செடிகளில் எனக்குப் பிடித்தது ரெட் ஓசியர் டொக்வூட். ஜனவரியில் எல்லாம் வெள்ளையாகவும் சாம்பலாகவும் கிடக்கும்போது அதன் தடிகள் மட்டும் இரத்தச் சிவப்பாக நிற்கும். அடுத்தது சேர்விஸ்பெரி. வசந்தத்தில் வெள்ளைப் பூ, ஜூனில் ஊதாப் பழம், இலையுதிர் காலத்தில் செம்மஞ்சள் இலை. பழத்தை மனிதரும் சாப்பிடலாம், குருவிகள் மிச்சம் வைத்தால். இரண்டும் இந்த மண்ணுக்கே உரியவை, நாங்கள் வருவதற்கு ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பிருந்தே இந்தக் குளிரைக் கண்டவை.

இனி அம்மாமாருக்காக ஒன்று. செவ்வரத்தை. ஊர்ச் செவ்வரத்தையை இங்கே வெளியில் வைத்தால் முதல் உறைபனியோடு போய்விடும். ஆனால் அதே இனத்தில் ஒன்று, ஹைபிஸ்கஸ் மொஸ்கியூட்டோஸ், ஏரி ஈரியின் கரைச் சதுப்புகளில் இயற்கையாகவே வளர்கிறது. பூ ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். குளிர்காலத்தில் தரை மட்டத்துக்குச் செத்துப்போகும், அடுத்த வருடம் வேரிலிருந்து திரும்ப எழும்பும். ஆனால் மிகவும் பிந்தி, மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில்தான் முளை தெரியும். எங்கள் அம்மா 'உது செத்துப்போச்சு' என்று மண்வெட்டியோடு நின்றபோது நல்லவேளை நான் வீட்டில் இருந்தேன். இப்போது ஓகஸ்ட் மாதத்தில் சொந்தக்காரர் எல்லோருக்கும் அதன் படம்தான் வட்ஸ்அப்பில் போகிறது.

எருக்கலைக்கும் இங்கே ஒரு சொந்தம் உண்டு. மில்க்வீட். இலையைக் கிள்ளினால் அதே பால். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இதைத்தான் தின்னும். இங்கே கோடையின் கடைசியில் பிறக்கிற மொனார்க்குகள் மெக்சிக்கோ வரை பறந்து போகின்றன. சாதாரண மில்க்வீட் நிலத்துக்கடியில் ஓடிப் பரவும், சின்ன வளவுக்கு ஸ்வொம்ப் மில்க்வீட் நல்லது, ஒரே இடத்தில் நிற்கும்.

பரவுவதைப் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. நர்சரியில் 'வின்கா' என்ற பெயரில் இரண்டு செடிகள் விற்கும். ஒன்று நாங்கள் அறிந்த பட்டிப்பூ, நித்தியகல்யாணி. அது இங்கே ஒரு கோடைக்குத்தான். மற்றது வின்கா மைனர், நிலத்தோடு படர்கிற நீலப்பூக் கொடி. 'பராமரிப்பே வேண்டாம், வேகமாக மூடும்' என்று விற்பார்கள். உண்மைதான், உங்கள் வளவை மூடிவிட்டு வேலிக்கு வெளியேயும் போகும். பள்ளத்தாக்குக் காடுகளில் அது தரையைப் பாய்போல மூடி, அங்கே இயல்பாக முளைக்க வேண்டியவற்றை முளைக்க விடுவதில்லை. பச்சையும் வெள்ளையும் கலந்த இலையுள்ள கவுட்வீட்டும் அப்படித்தான். விரல் நீள வேர் மண்ணில் கிடந்தாலே போதும், திரும்ப வரும். என்னைப் பொறுத்தவரை, நமக்கு வேலை குறைய வேண்டும் என்பதற்காக அடுத்தவர் காட்டுக்கு வேலை வைப்பது நியாயமில்லை.

கல்லுக்குத் திரும்ப வருகிறேன். கறுப்புத் துணி விரித்து மேலே வெள்ளைக் கூழாங்கல் போட்டால் புல்லே வராது என்று நம்புகிறவர்கள் நம்மில் பலர். மூன்று நான்கு வருடங்கள் சரிதான். பிறகு இலையும் தூசியும் கல்லுக்கிடையில் விழுந்து உக்கி மண்ணாகும், அதில் புல் முளைத்து வேர் துணிக்குள்ளால் இறங்கும். அப்போது பிடுங்கிப் பாருங்கள், துணியும் சேர்ந்து வரும். அதே இடத்தில் 5 முதல் 7 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மரச்சீவல் பரப்பினால் ஈரம் நிற்கும், புல் குறையும், உக்கினாலும் மண்ணுக்குத்தான் நல்லது. செடியின் அடித்தண்டில் மட்டும் முட்டவிடாதீர்கள்.

அயலவர் என்ன சொல்வார்கள் என்பது நம் வீடுகளில் பெரிய கேள்வி. ரொறன்ரோ நகரச் சட்டம் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர விடாதே என்று சொல்வது புற்றரையை, பூஞ்செடிகளை அல்ல. சான்ட்ரா பெல் என்ற ரொறன்ரோப் பெண் தன் வீட்டு இயற்கைத் தோட்டத்துக்காக நகரசபையோடு வழக்காடி 1996இல் வென்றார். தோட்டம் ஒருவர் தன் கருத்தை வெளிப்படுத்தும் வழி என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் நடைபாதை ஓரத்தை மட்டும் ஒழுங்காக வெட்டி வைத்துவிடுங்கள். ஓரம் நேராக இருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வேண்டுமென்றே நட்டது என்று பார்ப்பவருக்கு விளங்கும்.

நடும்போது கிடங்கை வேர்க்கட்டியைப்போல இரண்டு மடங்கு அகலமாக வெட்டுங்கள், ஆழம் வேர்க்கட்டியின் அளவே போதும். வெட்டுவதற்கு முன்னர் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கள். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று இலவசமாக அடையாளம் வைத்துத் தருவார்கள், சட்டமும் அதைக் கேட்கிறது. செடி வளர்ந்து முடிந்ததும் எவ்வளவு அகலம் வரும் என்பதையும் அட்டையில் பாருங்கள். நான் நைன்பார்க் ஒன்றைச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி நட்டேன். இப்போது அது சாப்பாட்டறை யன்னலைத் தட்டுகிறது, வருடா வருடம் வெட்ட வேண்டியிருக்கிறது. கவனிப்புக் குறைவான செடிதான், இடம் பிழை.

இந்த வருடம் அப்பா ஊன்றுகோலோடு முன்வளவில் ஒரு கதிரை போட்டு இருக்கிறார். கோன்பிளவர் தலைகளை ஒக்டோபரில் வெட்ட விடவில்லை. குருவிகள் விதை தின்ன வருகின்றனவாம், அவர்தான் கண்டுபிடித்தார்.

இனி இளைஞர் ஐக்கியத்துக்கு ஒரு யோசனை. டேலிலியும் ஹொஸ்டாவும் சில வருடங்களில் பெரிய கட்டையாகிவிடும், கிண்டிப் பிரித்து நட்டால்தான் அவற்றுக்கும் நல்லது. நம் சபையில் அப்படிப் பெருத்துப்போன செடிகளை வைத்துக்கொண்டு, கிண்ட முடியாமல் இருக்கிற அன்ரிமார் குறைந்தது பத்துப் பேரை எனக்குத் தெரியும். செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை நாலு பேராக அவர்கள் வீடுகளுக்குப் போவோம். கிண்டிப் பிரித்து, பாதியை அங்கேயே திரும்ப நட்டு, மீதியை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, அடுத்த நாள் ஆராதனை முடிந்ததும் வாகனத் தரிப்பிடத்தில் வைத்துப் பங்கிடுவோம். காசு தேவையில்லை. மண்வெட்டியும் பழைய சப்பாத்தும் கொண்டு வாருங்கள். கவுட்வீட் இருக்கிறவர்கள் அதை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.