காருக்கு மூளைக்கோளாறு!

கத்திப்பாரா மேம்பாலத்தின் உச்சியில், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, என் கார் செத்துப் போனது. இருமவில்லை, முனகவில்லை. ஸ்விட்சை அணைத்த மாதிரி 'டப்'பென்று அமைதி. ஸ்டியரிங் உலக்கையாகக் கனத்தது. பின்னாலிருந்த பஸ் டிரைவர் என்னைப் பெற்றவர்களை உரக்க விசாரித்தார். பெற்றவர்களில் ஒருவர் பக்கத்து சீட்டிலேயே இருந்தார்.

"பெட்ரோல் போட்டியாடா?" என்றார் அப்பா.

அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். செவ்வாயும் வெள்ளியும் பிஸியோதெரபி. காலை மடக்கி ஆட்டோவில் உட்கார முடியாது. பாலத்தில் இறக்கி நடத்திக் கூட்டிப் போவதும் நடக்கிற காரியமில்லை. பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி ஸ்டார்ட் ஆனது.

அரை நாள் லீவைத் தியாகம் செய்து ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்குப் போனேன். பானெட்டைக்கூடத் திறக்காமல், "ஈ.ஸி.எம். போச்சு ஸார். புதுசு 28,000 ஆகும். வண்டியே 60,000-த்துக்குத்தான் போகும். பேசாம தள்ளி விட்டுடுங்க" என்றார்கள்.

2004-ல் ரிடையரானபோது பி.எஃப். பணத்தில் அப்பா வாங்கிய கார் அது. விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. பேப்பர் படித்துக் கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

ஈ.ஸி.எம். என்பது இன்ஜினின் மூளை. டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு அலுமினிய டப்பா. கார்புரேட்டர் காலத்துக் காரில் இது கிடையாது. ஸ்க்ரூ டிரைவரும் வாயால் ஊதும் திறமையும் இருந்தால் யாரும் மெக்கானிக். 1967-லேயே ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் 1600-க்கு எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. நம் நாட்டில் 2000-ல் புகைக் கட்டுப்பாடு இறுகியதும்தான் கார்புரேட்டர்கள் மளமளவென்று மூட்டை கட்டின. சென்சார்கள் சொல்வதைக் கேட்டு, எத்தனை மில்லி செகண்ட் பெட்ரோல் தெளிக்கலாம், எப்போது பொறி தட்டலாம் என்று டப்பா முடிவு செய்கிறது. 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும் 4 சிலிண்டர் இன்ஜினுக்கு வினாடிக்கு 100 ஸ்பார்க். நம் ஆபீசில் ஒரு ஃபைல் நகர எத்தனை நாளாகிறது, யோசியுங்கள்.

கடைசி நம்பிக்கையாகத் தெருக்கோடி மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஒரு மல்ட்டிமீட்டரோடு வந்தார்.

"தலைவலின்னு போனா, டாக்டர் நாடி பாப்பாரா, மண்டையைத் திறப்பாரா?"

"நாடிதான்."

"அப்ப இருங்க. டப்பா போச்சுன்னு சொல்றது சுலபம். முக்கால்வாசி நேரம் போனது டப்பா இல்ல, டப்பாவுக்குப் போற ஒயரு."

சாவியை 'ஆன்' செய்தார். செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. "இது எரியலேன்னா டப்பாவுக்குக் கரண்டே போகலியோன்னு சந்தேகப்படணும்." பிறகு பாட்டரி, மெயின் ரிலே, சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் என்று வரிசையாகப் பார்த்தார். பாடியோடு சேரும் எர்த் ஒயரில் பச்சையாய்ப் பாசம் பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். சூடானால் படுத்துக்கொண்டு ஆறினால் எழுந்திருப்பது கிராங்க் சென்சாரின் குணமாம். அதையும் மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்படியும் நின்றது.

"வீட்ல ஹேர் ட்ரையர் இருக்கா?"

தர்மபத்தினியின் ட்ரையரை (அனுமதி பெறாமல்) எடுத்து வந்தேன். இன்ஜினை ஓடவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த டப்பாவுக்குச் சூடு காட்டினார். மூணாவது நிமிஷம் 'டப்'! ஆறவிட்டு, மறுபடி காட்டினார். மறுபடி 'டப்'!

"இப்ப சொல்றேன். டப்பாதான்."

இரண்டு இடத்திலும் தீர்ப்பு ஒன்றுதான். ஆனால் இவர் விசாரித்துவிட்டுச் சொன்னார். அதோடு விடவில்லை. பாட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே டப்பாவை உருவித் திறந்தார். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் வீங்கி ஒழுகியிருந்தது. ஒரு மூலையில் தண்ணீர் பட்ட கறை, அரித்துப்போன கால்கள்.

"தண்ணி எங்கேருந்து வந்துது? அது தெரியாம புது டப்பா மாட்டினா, அடுத்த ஐப்பசியில அதுவும் காலி."

முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தை நோண்டினார். வேப்பிலை! வீட்டு வாசல் மரத்தின் உபயம். மழைத் தண்ணீர் வடிகிற ஓட்டை அடைத்துக்கொண்டு, தண்ணீர் உள்ளே கசிந்து டப்பாவின் தலையில் சொட்டியிருக்கிறது. ஒரு கைப்பிடி இலையை அள்ளிப் போட்டார். செலவு பூஜ்யம்.

அடுத்து புதுப்பேட்டை. பழைய டப்பா வாங்குகிறவர்கள் கவனிக்கவும்: ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருப்பவை இரட்டைப் பிள்ளைகள் அல்ல. 4,500 ரூபாய்க்குப் பேரம் படிந்து மாட்டினோம். ஸ்டார்ட் ஆனது. இரண்டு செகண்டில் நின்றது.

"சாவியை அடையாளம் தெரியல. திருட்டுப் பய வந்திருக்கான்னு நினைக்குது" என்றார் அண்ணன். இம்மொபிலைசர்! சில கார்களில் ஸ்கேனர் வைத்துச் சாவியை அறிமுகம் செய்து வைக்க வேண்டும். புது டப்பாவுக்கும் இந்தச் சடங்கு உண்டு. என் காரில் அந்த ரகசியம் எட்டுக் கால் சில்லு ஒன்றில் இருந்தது. ரிச்சி தெருப் பக்கம் ஒரு பையன், பூதக்கண்ணாடி வழியே பழையதிலிருந்து அதை எடுத்துப் புதியதில் பற்ற வைத்தான். கூலி 1,500. காருக்கு நினைவு திரும்பியது. அண்ணன் கூலி 1,000. ஆக மொத்தம் 7,000.

வெள்ளிக்கிழமை அதே பாலம். உச்சி வந்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்பா டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். இறங்கித் தரைக்கு வந்ததும் இரண்டு பேரும் விட்டோம்.

இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கு அப்பா கைத்தடியோடு வாசலுக்குப் போகிறார். கண்ணாடிக்குக் கீழே விழுந்த வேப்பிலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார். பிஸியோதெரபிக்காரர் சொன்ன நடைப்பயிற்சி அதிலேயே முடிந்துவிடுகிறது.

ஹேர் ட்ரையரில் மட்டும் கிரீஸ் கறை போகவில்லை. புதுசுக்கு எஸ்டிமேட் வந்திருக்கிறது. அந்த ஒர்க்ஷாப் பரவாயில்லை என்று தோன்றுகிறது!